புதுக் குழலும் பழைய தோசைக்கல்லும்

அந்த நீளப் பெட்டி வீட்டுக்கு வந்த அன்று பாட்டி முதலில் செய்த காரியம், அதை வாசலிலேயே நிறுத்தி ஆரத்தி எடுத்ததுதான். துப்பாக்கிக்கு ஆரத்தியா என்று எதிர் வீட்டில் சிரித்தார்கள்.

“என் ரெட்டை வடச் சங்கிலிக்கு எடுக்கறேன். உங்களுக்கு இன்னா?” என்று சொல்லிவிட்டுத் தட்டை மூன்று சுற்று சுற்றினார் பாட்டி.

பொய் இல்லை. சங்கிலி போன இடம் அந்தப் பெட்டிதான். மீதிக்கு அப்பா கூட்டுறவு வங்கியில் கடன் வாங்கியிருந்தார். லைசென்ஸ், போலீஸ் விசாரணை, இறக்குமதி அனுமதி என்று ஒவ்வொரு மேஜையாக ஏறி இறங்கி, ஒன்றரை வருடம் கழித்து ஜெர்மனியிலிருந்து வந்து சேர்ந்திருந்தது ஒரு .22 ரைஃபிள். வீட்டுப் பெண்ணுக்கு 22 வயது. பதினாறு வயதில் என்.சி.சி. முகாமில் முதன்முதலாகக் குறி பார்த்தவள். அன்றிலிருந்து ஆறு வருடம் கிளப்பின் பழைய ரைஃபிளில்தான் சுட்டுக்கொண்டிருந்தாள். அதற்கு முன் அதை எத்தனை பேர் தோளில் வைத்திருந்தார்கள் என்று கிளப்பிலேயே யாருக்கும் தெரியாது. 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்கில் கோலாப்பூர்க்காரர் ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் ரைஃபிளில் வெண்கலம் வாங்கியதை டி.வி.யில் பார்த்த பிறகுதான், “நம்ம பொண்ணு கையில சொந்தமா ஒண்ணு இருந்தா?” என்ற பேச்சே வீட்டில் எழுந்தது. எழுப்பியவர் தாத்தா.

வேலூர் பக்கத்துக் கிராமங்களில் வீட்டுக்கு ஒரு பட்டாளத்துக்காரர் இருப்பார். இந்த வீட்டில் தாத்தா. 1966-ல் மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் சேர்ந்து, சுபேதாராக ஓய்வு பெற்றவர். 1971 போரைப் பற்றிக் கேட்டால், “போனோம், வந்தோம்” என்பதோடு முடித்துக்கொள்வார். ஆனால் ஆயுதத்தைத் துடைப்பது பற்றிக் கேட்டால் சாப்பாட்டு நேரம் தாண்டியும் பேசுவார்.

பெட்டியைத் திறந்ததும் அவர் கை வைத்தது மரக்கட்டையிலோ குறிபார்க்கும் கருவியிலோ இல்லை. பேத்தியிடம் சொல்லி போல்ட்டைக் கழற்ற வைத்து, அறை காலியாக இருப்பதை இரண்டு முறை பார்த்து, குழலை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து ஒரு கண்ணை மூடினார். எண்பதை நெருங்கும் கண். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

“கெணத்துத் தண்ணியில சூரியன் தெரியற மாதிரி இருக்கு கண்ணு. நீயும் பாரு” என்றார்.

உள்ளே பார்த்தால் அப்படித்தான் இருக்கும். 5.6 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு துளை. அதன் சுவரில் கொடி சுற்றியது போலத் திருகித் திருகிப் போகும் வரிப்பள்ளங்கள். இந்த வகை ரைஃபிள்களில் சுமார் 40 சென்டிமீட்டருக்கு ஒரு முழுச் சுற்று வரும். ஈயத் தோட்டா அந்தப் பள்ளங்களைக் கவ்விக்கொண்டு சுழன்றபடி வெளியே வரும்போது, நொடிக்கு எண்ணூறு சுற்று என்ற கணக்கில் பம்பரமாகிவிடுகிறது. பம்பரம் ஆடாமல் போனால் குறி தப்பாது. 50 மீட்டர் தள்ளி இருக்கும் இலக்கின் பத்து மதிப்பெண் வட்டம் 10.4 மில்லிமீட்டர்தான், ஒரு சட்டைப் பொத்தான் அளவு. அதை அடிக்கும் வேலையில் பாதி சுடுகிறவருடையது, மீதி இந்தத் துளையினுடையது.

ரைஃபிள் வந்த மறுநாளே கோச் வரச் சொல்லியிருந்தார். ரேஞ்ச் இருந்தது சென்னைக்குப் பக்கத்தில். காலை ஐந்து மணி பஸ். புதுக் குழலை எப்படிப் பழக்குவது என்று அவர் சொல்லித் தந்ததை அவள் செல்போனில் குறித்துக்கொண்டாள்.

தொழிற்சாலையில் துரு பிடிக்காமல் இருக்கப் பூசி அனுப்பிய எண்ணெயை முதலில் எடுக்க வேண்டும். துடைப்பதெல்லாம் பின்பக்கத்திலிருந்து, அதாவது தோட்டா போகும் திசையில். போல்ட் இருந்த இடத்தில் ஒரு வழிகாட்டிக் குழாயைச் செருகி, அதன் வழியாக ஒற்றைத் துண்டுக் கம்பியை விட வேண்டும். கம்பி வளைந்து வரிகளில் உரசக் கூடாது. கம்பியின் முனை வாயிலிருந்து வெளியே வந்ததும் துணியைக் கழற்றிவிட்டுத்தான் திரும்ப இழுக்க வேண்டும். அழுக்கை வெளியே தள்ளுவதற்குத்தான் இத்தனையும். அதையே மறுபடி உள்ளே கொண்டுவரக் கூடாது. .22 தோட்டாவின் பற்றவைக்கும் மருந்தில் பலவற்றில் நுண்ணிய கண்ணாடித் தூள் உண்டு. அது ஒட்டிய துணியை முன்னும் பின்னுமாக இழுத்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது போலத்தான்.

“வாய்ப் பக்கம் மட்டும் எதுவும் படக் கூடாதும்மா. தோட்டா கடைசியா தொட்டுட்டுப் போற இடம் அது. அந்த விளிம்புல மயிரிழை கீறல் விழுந்தாலும் காத்து ஒரு பக்கமா முந்தி வெளிய வரும். தோட்டாவோட முதுகுல ஒரு தட்டுத் தட்டி அனுப்பின மாதிரி ஆயிடும்” என்றார் கோச்.

அவள் அதற்கு முன் இணையத்தில் வேறு பலதும் படித்து வைத்திருந்தாள். ஒரு குண்டு சுடு, முழுதாகத் துடை. இன்னொன்று சுடு, துடை. பத்து முறை இப்படிச் செய்த பிறகு மூன்று மூன்றாகச் சுட்டுத் துடை என்று ஒரு பெரிய விரதமுறையே அங்கே இருந்தது. கோச் சிரித்தார். அது 300 மீட்டர் போட்டிக்கும் வேட்டைக்கும் உள்ள பெரிய ரைஃபிள்களின் கதை.

அந்தக் கதையிலும் காரணம் இருக்கிறது. பெரிய தோட்டாவுக்கு மேலே செம்பு உறை. தோட்டா அமரும் அறையைக் குடையும் கருவி, அறைக்கும் வரிகளுக்கும் நடுவில் இருக்கும் தொண்டைப் பகுதியில் குறுக்குவாட்டில் கண்ணுக்குத் தெரியாத கோடுகளை விட்டுவிடும். வேகமாகப் போகும் தோட்டாவின் செம்பை அந்தக் கோடுகள் சீவிவிட, அது சூட்டில் ஆவியாகிக் குழல் முழுக்கப் படியும். படிந்ததை உடனுக்குடன் எடுத்தால்தான் அடுத்த குண்டு அந்தக் கோடுகளைத் தேய்த்து வழவழப்பாக்கும். எடுக்காவிட்டால் செம்பின் மேல் செம்பு ஏறும். அமோனியா கலந்த திரவத்தில் நனைத்த துணி நீலமாக வெளியே வந்தால் உள்ளே இன்னும் செம்பு இருக்கிறது என்று அர்த்தம். (கம்பி முனையே பித்தளையாக இருந்து, அதையும் திரவம் கரைத்து நீலம் காட்ட, இல்லாத செம்பை நாள் முழுக்கத் தேடியவர்களும் உண்டு.) அமெரிக்காவில் க்ரீகர் போன்ற குழல் தயாரிப்பாளர்கள் இப்படிப் பழக்கச் சொல்கிறார்கள். அதெல்லாம் தேவையே இல்லை, குழலின் ஆயுளில் நூறு குண்டை வீணாக்குவதுதான் மிச்சம் என்று அடித்துச் சொல்லும் தயாரிப்பாளர்களும் அங்கேயே இருக்கிறார்கள். இரண்டு கட்சியும் இன்னும் சமாதானம் ஆகவில்லை.

.22-ன் தோட்டா வெறும் ஈயம். மேலே மெழுகோ கொழுப்போ பூசியிருக்கும். நொடிக்கு 330 மீட்டருக்குள்தான் போகும். ஒலியைவிடக் கொஞ்சம் மெதுவாக. சீவி எடுக்கச் செம்பே இல்லை. “முதல் ரெண்டு மூணு பெட்டிக்கு அடிக்கடி துடை. அப்புறம் விட்டுடு. எரநூறு குண்டுக்கு ஒரு தடவை போதும். அறைக்கு முன்னால கரி மோதிரம் மாதிரி கெட்டியா பிடிக்கும், அதை மட்டும் ஊற வெச்சு எடு. மத்தபடி உள்ள சும்மா இரு” என்பதுதான் கோச்சின் சுருக்கம்.

சும்மா இருப்பது எல்லாராலும் முடிகிற காரியமா?

அன்று ராத்திரி அவள் வீடு திரும்பியபோது கூடத்தில் பாய் விரித்திருந்தது. பாயின் மேல் பழைய பெட்ஷீட். அதன் மேல், நாலு விரல் அகலத்தில் கத்தரித்து அடுக்கிய வெள்ளை வேட்டித் துண்டுகள். பட்டாளத்தில் அதற்குச் ‘சிந்தி’ என்று பேர். பக்கத்தில் நைலான் கயிறு ஒன்று. ஒரு முனையில் பித்தளைக் குண்டு, மறுமுனையில் துணி செருக வளையம். ‘புல்த்ரூ’. லேத் பட்டறையில் சொல்லி, இந்தச் சின்னத் துளைக்கு ஏற்ற அளவில் தாத்தாவே செய்து வாங்கியிருந்தார்.

“எத்தினி குண்டு சுட்ட?”

“அறுபது, தாத்தா.”

“துடைச்சியா?”

துடைத்ததாகச் சொல்ல வாய் எடுத்தவள், அந்த வேட்டித் துண்டுகளைப் பார்த்தாள். “இல்ல தாத்தா.”

லைசென்ஸ் அவள் பேரில். அதனால் அலமாரியைத் திறந்து எடுத்துக் கொடுத்து, முடியும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். குண்டைப் பின்பக்கமாக உள்ளே விட்டு, வாய்ப் பக்கமாக நேராக, நிறுத்தாமல் ஒரே இழுப்பு. கயிறு வாய் விளிம்பில் உரசக் கூடாது. உரசினால் கொஞ்ச நாளில் அங்கே கயிறு போன தடம் விழுந்துவிடும். அந்தக் காலத்து .303 துப்பாக்கிகளில் அப்படித் தேய்ந்தவை நிறைய. கோச் சொன்ன இரண்டு விதிகளும் ஏறக்குறைய அறுபது வருடத்துக்கு முன்பே தாத்தாவுக்குத் தெரிந்திருந்தன: பின்பக்கமிருந்து துடை, வாயைத் தொடாதே. தெரியாதது மூன்றாவது.

பயிற்சி நாள் எல்லாம் இப்படியே நடந்தது. துணி பழுப்பாக வரும், சாம்பலாக வரும், வெள்ளையாக வரும். வெள்ளையாக வந்த பிறகும் இன்னும் நாலு. கடைசியில் எண்ணெய்த் துணி ஒன்று. அந்த நேரத்தில்தான் தாத்தா பேசுவார். வெலிங்டனில் பயிற்சி எடுத்தபோது நடந்த அந்தச் சம்பவத்தை அவள் பத்து தடவையாவது கேட்டிருப்பாள்.

குன்னூர் பக்கத்து மழை. நாள் முழுக்கச் சாரல். அப்போதைய .303 தோட்டாவின் பற்றவைக்கும் மருந்து, சுட்ட பிறகு குழலுக்குள் ஒரு உப்பை விட்டுவிட்டுப் போகும். சமையல் உப்புக்குத் தம்பி மாதிரி ஒரு உப்பு. காற்றில் உள்ள ஈரத்தை அதுவே உறிஞ்சிக்கொள்ளும். எண்ணெய்க்கு அது கரையாது. தண்ணீருக்குத்தான் கரையும். அதனால் சுட்டு முடித்ததும் புனல் வைத்துக் கொதிக்கக் கொதிக்க வெந்நீரைக் குழலில் ஊற்ற வேண்டும். குழலே சூடாகித் தானே காய்ந்துவிடும். பிறகு துணி, பிறகு எண்ணெய். அன்றைக்கு வெந்நீர் வரிசை நீளம். பத்தொன்பது வயதுப் பையன் குளிரில் நின்று பார்த்துவிட்டு, வெறும் எண்ணெய்த் துணியை இழுத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டான். காலையில் உஸ்தாத் குழலுக்குள் பார்த்தார். பையனையும் பார்க்கச் சொன்னார். உள்ளே அம்மைத் தழும்பு மாதிரி செம்பொட்டுகள்.

“ரைஃபிளைத் தலைக்கு மேல தூக்கிட்டு மைதானத்தைச் சுத்தி ஓடினேன். அது வலிக்கல. அந்தத் துரு போகவே இல்ல கண்ணு. எத்தினி நாள் தேய்ச்சேன். பள்ளம் விழுந்தது விழுந்ததுதான். அப்புறம் அந்த ரைஃபிள் யார் கைக்குப் போச்சோ, எங்க போச்சோ.”

இதைக் கேட்ட பிறகு, “போதும் தாத்தா, இதுக்குத் துடைக்க வேணாம்” என்று யார் சொல்வது?

இரண்டு மாதம் கழித்து மாநில அணித் தேர்வுக்கான போட்டி. படுத்துச் சுடும் பிரிவு, அறுபது குண்டு. முதல் நாள் ராத்திரி தாத்தா வழக்கத்தைவிடப் பத்துத் துணி அதிகம் இழுத்தார். பேத்தியின் பெரிய நாள் அல்லவா.

மதிப்பெண்ணில் சேராத குறிசரிபார்ப்புச் சூடுகளுக்குப் பதினைந்து நிமிடம் உண்டு. முதல் குண்டு ஏழில் விழுந்தது. எண்ணெய் என்று அவளுக்கே தெரியும், பொறுத்தாள். ஒன்பது, எட்டு, பத்து, மறுபடி எட்டு. குறிபார்க்கும் கருவியை இரண்டு சொடுக்கு இந்தப் பக்கம் திருப்பினாள், இரண்டு அந்தப் பக்கம். பன்னிரண்டு குண்டுக்குள் சேர்ந்துவிடும் கூட்டம் இருபதாகியும் சேரவில்லை. நேரம் முடிந்தது. முதல் பத்துக்கு அவளுக்குச் சாதாரணமாக 102 வரும். அன்று 98.4. அதற்கப்புறம் குழல் சரியாகிவிட்டது, அவள் ஆகவில்லை. அணிக்கு அந்த ஸ்கோர் போதவில்லை.

கோச் குழலுக்குள் சின்ன கேமரா விட்டுத் திரையில் பார்த்தார். “பளிங்கு மாதிரி இருக்கு. யாரு துடைக்கிறது?”

சொன்னாள்.

“சுட்டுக் கெட்ட குழலைவிடத் துடைச்சுக் கெட்ட குழல்தாம்மா அதிகம். நல்லவேளை, உங்க தாத்தா கை சுத்தம், ஒரு கீறல் இல்ல. ஆனா ஒவ்வொரு தடவையும் அந்த மெழுகையும் ஈயத்தையும் மொத்தமா வழிச்சு எடுத்துட்டார். அது மெலிசா ஒரே சீரா படிஞ்சாத்தான் ஒவ்வொரு குண்டும் ஒரே மாதிரி வழுக்கிட்டு வரும். படியறதுக்குச் சில குழலுக்குப் பத்து குண்டு போதும், சிலதுக்கு முப்பது வேணும். இது முப்பது கேக்கற குழல் போல.” கொஞ்சம் நிறுத்திவிட்டு, “எல்லாத்தையும் குழல் மேல போடாதே. ரெண்டாவது பத்துல நீ அவசரப்பட்ட” என்றும் சொன்னார். நல்ல கோச்.

அவள் வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு பொய் சொன்னாள். இனிமேல் ரைஃபிள் கிளப்பிலேயே இருக்கட்டும் என்று கோச் சொல்லிவிட்டார், பஸ்ஸில் தூக்கிக்கொண்டு அலைவது சரியில்லையாம் என்று.

“கோத்துல ஒப்படைச்சுட்டியா?” என்றார் தாத்தா. பட்டாளத்தில் ஆயுதக் கிடங்குக்குக் ‘கோத்’ என்று பேர். “அதுவும் சரிதான். கோத்துல இருந்தா பத்திரம்.”

அன்றைக்குப் பாய் விரிக்கவில்லை. மறுநாளும் இல்லை. வேட்டித் துண்டுகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடி, டப்பாவை அலமாரியின் மேல் தட்டில் வைத்தார். எட்டு மணிக்கே படுக்கப் போனார். பத்து நாளில், கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிற ஆளாகிவிட்டார். வயசானவர்கள் இப்படித்தான் என்று அப்பா நினைத்தார். பாட்டி நினைக்கவில்லை.

“இன்னாடி நடந்துச்சு?” என்று அடுக்களையில் வைத்துப் பிடித்துக்கொண்டார். தோசை வார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தோசைக்கல்லுக்கு அந்த வீட்டில் அப்பாவைவிட வயது அதிகம்.

அவள் சொன்னாள். மெழுகு, ஈயம், முப்பது குண்டு, 98.4 எல்லாவற்றையும். பாட்டிக்குப் பாதி புரியாது என்று நினைத்துக்கொண்டே சொன்னாள். சொல்லும்போதே அழுகை வந்தது.

பாட்டி தோசையைத் திருப்பிப் போட்டார். “உங்கம்மா கல்யாணம் ஆகி வந்த புதுசுல, எனக்கு ஒத்தாசை பண்றேன்னுட்டு இந்தக் கல்லை சோப்புத் தூள் போட்டு, கம்பி நாரால தேய்ச்சு, கண்ணாடி மாதிரி பளபளன்னு கவுத்து வெச்சிருந்தா. மறுநாள் ஒரு தோசை வரணுமே! பிச்சுப் பிச்சு எடுத்தோம். பத்து தோசை நாய்க்குப் போட்டப்புறம்தான் வழிக்கு வந்துச்சு.”

“அம்மாவைத் திட்டினியா பாட்டி?”

“எதுக்குத் திட்டறது? அவ தப்பா பண்ணா? அவங்க வீட்ல எவர்சில்வர். தேய்ச்சுத் தேய்ச்சுத்தான் வெப்பாங்க.” கல்லின் மேல் வெங்காயத்தை எண்ணெயில் தொட்டு ஒரு சுற்றுச் சுற்றினார். “உங்க தாத்தா தேய்ச்சது வேற கல்லு. இது வேற கல்லு. அதைச் சொல்லாம, துப்பாக்கியைத் தூக்கிட்டுப் போய் ஒளிச்சு வெச்சா, அந்த மனுசன் இன்னா நினைப்பாரு? தன் கையி ஆகாம போச்சுன்னு நினைக்க மாட்டாரா?”

தோசைக்கல்லும் துப்பாக்கிக் குழலும் ஒன்றில்லை. கல்லை வருடக்கணக்காகத் தேய்க்காமல் விடலாம். குழலை விட முடியாது. அந்தக் கரி மோதிரம் இறுகினால் தோட்டா அமரும் இடமே கெட்டுப்போகும். ஆனால் அன்றைக்கு அந்தப் பெண்ணுக்கு அடுக்களையில் கிடைத்தது போதுமானதாக இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தாத்தாவை ஐந்து மணி பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனாள். வழியிலேயே, காவேரிப்பாக்கம் தாண்டும்போது, கிளப்பில் வைக்கச் சொன்னது கோச் இல்லை, நான்தான் என்று சொல்லிவிட்டாள். தாத்தா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, “தெரியும் கண்ணு” என்றார். அவ்வளவுதான் பேச்சு.

ரேஞ்சில் கோச் அவருக்கு நாற்காலி போட்டார். ரைஃபிளைக் கொண்டுவந்து, “ஐயா, நீங்களே துடைங்க. உங்க முறைப்படி” என்றார். தாத்தா பேத்தியைப் பார்த்தார். பிறகு பையிலிருந்து பிஸ்கட் டப்பாவை எடுத்தார். அதைக் கொண்டுவந்திருப்பது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது.

துணி வெள்ளையாக வரும் வரை இழுத்தார். ரைஃபிளைத் தாங்கியில் வைத்துப் பத்துக் குண்டு சுட்டாள். புது இலக்கு மாற்றிப் பத்து. இன்னொன்று மாற்றி, இன்னும் பத்து. மூன்று தாள்களையும் கோச் பக்கம் பக்கமாக வைத்தார். முதல் தாளின் ஓட்டைகள் ஐந்து ரூபாய்க் காசைச் சுற்றி நாலாபக்கமும் கிடந்தன. இரண்டாவதில் இரண்டு மட்டும் காசுக்கு வெளியே. மூன்றாவதில் பத்தும் காசின் அடியில் மறைந்துபோயின.

தாத்தா காசை எடுத்தார், வைத்தார். மறுபடி எடுத்தார். விரல் லேசாக நடுங்கியது, அது வயது.

“இதுல அந்த உப்பு இல்லியா?” என்று கேட்டார்.

“இல்லீங்க ஐயா. இப்ப வர்ற .22-ல அந்த மருந்து இல்ல. அந்த மெழுகே கொஞ்சம் காவல் மாதிரி. ஆனா வெளிப்பக்கம் அப்படி இல்ல. கை வேர்வை உப்புதானே? அதை மட்டும் தினமும் துடைச்சே ஆகணும். உங்க பேத்தி அதைச் செய்யறதே இல்ல.”

“செய்யறது இல்லியா?” என்று திரும்பினார் தாத்தா. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். குழலின் நடுப்பகுதியில், அவள் வழக்கமாகப் பிடித்துத் தூக்கும் இடத்தில், விரல் ரேகை மாதிரி ஒரு மங்கல் விழத் தொடங்கியிருந்தது. தாத்தா கட்டை விரலால் அதைத் தடவிப் பார்த்தார். உஸ்தாத் முகம்.

ரைஃபிள் மறுபடி வீட்டுக்கு வந்தது. தாத்தா பொட்டிக்கடையில் நீள நோட்டு ஒன்று வாங்கி, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார். பட்டாளத்தில் ஒவ்வொரு ஆயுதத்துக்கும் ஒரு சரித்திரத் தாள் உண்டாம். தேதி, சுட்டது, மொத்தம், துடைத்த பிறகு ஆனது, குறிப்பு. முந்தைய கணக்குக்கு அவள் தூக்கிப்போடாமல் வைத்திருந்த காலித் தோட்டாப் பெட்டிகளை எண்ணினார். பெட்டிக்கு ஐம்பது. நாற்பத்தாறு பெட்டி, ஆக 2,300. பெட்டியில்லாத குண்டுகள் பற்றி அரை மணி நேரம் விசாரணை நடந்தது.

இப்போதெல்லாம் அவள் வந்ததும் பாய் விரிந்திருக்கும். அவள் அலமாரியைத் திறக்குமுன் கேள்வி வந்துவிடும். போன வாரமும் அப்படித்தான்.

“எத்தினி?”

“அறுபது. சைட்டர் பதினாலு.”

எழுதினார். உதடு அசையக் கூட்டினார். துடைத்த பிறகு ஆனது என்ற கட்டத்தில் 148 என்று போட்டார்.

நாள் முழுக்கப் படுத்துச் சுட்டதில் அவளுக்கு முழங்கை வலி. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, “நாளன்னிக்கு வெளியூர்ப் போட்டி இருக்கு. வேணும்னா இன்னிக்கே உள்ள துடைச்சிடலாமா தாத்தா?” என்று கேட்டாள்.

தாத்தா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். பிஸ்கட் டப்பாவை ஒரு பார்வை பார்த்தார்.

“எரநூறுக்கு இன்னும் அம்பத்திரண்டு இருக்கு. போட்டி முடியட்டும்” என்று சொல்லி, எண்ணெய்த் துணி ஒன்றை மட்டும் எடுத்து, குழலின் வெளிப்பக்கத்தைப் பின்னிருந்து வாய் வரைக்கும் மெதுவாகத் துடைக்க ஆரம்பித்தார். விளிம்புக்கு ஒரு விரல் முன்னால் கை நின்றது.

அடுக்களையிலிருந்து பாட்டி குரல் கொடுத்தார், தோசை ஆறுகிறது என்று.